கடலடியில் மழையில்லை

நாவுலப் பக்கம் ஒரு வீட்டில் குழாய்க்கிணறு தோண்டினால் அன்றைக்கு அயலட்டை முழுவதும் அந்த முற்றத்தில்தான் நிற்கும். துளைபொறி ஏற்றிய லொறி உள்ளே வரும். மேல்மண் கொஞ்சம், அதற்குக் கீழே இற்றுப்போன கல், அதற்கும் கீழே கருங்கல். காற்றழுத்தி இரையத் தொடங்கியதும் துளைவாயிலிருந்து சாம்பல்நிறக் கற்பொடி பீச்சியடிக்கும். நீர் கண்டால் அது சேறாகிக் கொப்பளிக்கும். துளையின் அகலம் சில அங்குலம்தான். ஆனால் பொழுதுபடப் பார்த்தால் வாழைப் பாத்தியும் துளசி மாடமும் கோழிக்கூட்டு வாசலும் சாம்பல் பூசிக் கிடக்கும். காய்ந்தபின் அந்தச் சேறு சீமெந்து போல இறுகும். அதற்கடியில் அகப்பட்ட புல் மூச்சுமுட்டிச் சாகும். பிறகு ஒக்டோபர் மழை வரும். சேறு கரைந்து வாய்க்காலுக்குப் போகும். மிச்சத்தை வீட்டுக்காரர் மண்வெட்டியால் வாரி வேலியோரம் போடுவார். அடுத்த வருடம் அந்த இடத்தில் மறுபடி புல் முளைத்திருக்கும்.

ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழமான கடலின் அடியில் இதே வேலை நடந்தால் என்ன ஆகும்? வருகிற சேறு அங்கேயும் எங்காவது விழத்தான் வேண்டும். விழுந்த சேற்றை வாரிப்போட ஆள் இல்லை, கழுவிவிட மழையும் இல்லை. இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவது முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளைப்பதுதான்.

நாவுலயில் இருந்துகொண்டு ஏன் கடலடியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் கரையில் சற்று நேரம் நிற்கலாம். பொல்கொல்லவில் மறித்துத் திருப்பிய மகாவலி நீர் சுரங்கத்தால் உக்குவெல வந்து, சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு இங்கே சேர்கிறது. இங்கிருந்து அதற்கு இரண்டு வழிகள். ஒரு பங்கு மொறகஹகந்த வழியாக இறங்கி மறுபடி மகாவலியைக் கண்டு, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. மறுபங்கு இன்னொரு சுரங்கத்துக்குள் நுழைந்து தம்புள்ளைப் பக்கமாகக் கலாவெவக்குப் போகிறது. அதற்கு மிஞ்சிய நீர் கலா ஓயாவாக ஓடி, கங்கேவாடியின் கண்டற் காடுகளைக் கடந்து, புத்தளம் களப்பின் வடக்கே மேற்குக் கடலில் கலக்கிறது. ஆகவே நாவுல மண்ணின் ஒரு துகளுக்கு இரண்டு கடல்களுக்கும் போக வழி உண்டு. மேற்கே போகும் துகள் சேரும் இடம் மன்னார் வளைகுடா. இலங்கையின் ஆழ்கடலில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் துளை போட்ட இடமும் அந்தப் பக்கத்துக் கடல்தான்.

மன்னாரில் துளைப்பது புதிய எண்ணம் இல்லை. 1970களில் சோவியத் ஒத்துழைப்போடு மன்னார்த் தீவின் பேசாலையில் தரையில் துளைத்துப் பார்த்தார்கள். 1981இல் வளைகுடாவில் ஒரு கிணறு போட்டார்கள். அதற்கு வைத்த பெயர் பேர்ள்-1, அதாவது முத்து. முத்துச் சலாபம் நடந்த கடலில் அந்தப் பெயர் வேறு எப்படி இருக்கும்! இரண்டிலும் பயனுள்ள அளவு எதுவும் கிடைக்கவில்லை. பிறகு முப்பது வருட இடைவெளி. 2011 ஓகஸ்டில் கெய்ன் லங்கா நிறுவனத்துக்காக ‘சிக்கியூ’ என்ற ஜப்பானியத் துளைகப்பல் வந்தது. நிலநடுக்கத்தின் மூலத்தைத் தேடிக் கடலடியைத் துளைப்பதற்காக ஜப்பானின் கடல்-புவி அறிவியல் நிறுவனம் கட்டிய ஆய்வுக் கப்பல் அது. ‘டொராடோ’ என்று பெயரிட்ட முதற் கிணற்றில் கடலின் ஆழம் 1,354 மீற்றர். அங்கே எரிவாயு இருந்தது. இரண்டாவது ‘பராகுடா’, நம் மீனவர் சொல்லும் சீலா மீன். அங்கே கடலாழம் 1,509 மீற்றர். அதிலும் எரிவாயு கிடைத்தது. மூன்றாவது வறண்ட கிணறு. 2013இல் நான்காவதாக ஒன்று போட்டார்கள், அதற்குப் பெயர் ‘வலாகோ’. வலாகோ என்பது நம் குளத்து வாளை. ஆற்று மீனின் பெயரை ஆழ்கடலில் கொண்டுபோய் வைத்த அந்தக் கிணறும் வறண்டது. 2015இல் நிறுவனம் விலகிக்கொண்டது.

கணக்கு அவ்வளவுதான் என்று செய்தித்தாள்கள் முடித்துவிட்டன. இருக்கிறதா, இல்லையா, எவ்வளவு, எப்போது பணமாகும் என்பதுதான் மேலே நிற்பவர்களுக்கு வேண்டிய விடை. கீழே இருப்பவற்றின் கணக்கு வேறு.

1,400 மீற்றர் ஆழத்தில் சூரிய வெளிச்சம் எட்டாது. தண்ணீர் ஐந்தாறு பாகை செல்சியசுக்குக் குளிர்ந்திருக்கும். நம் தலைக்கு மேலுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல நூற்று நாற்பது மடங்கு அழுத்தம். கமராவை இறக்கினால் முதலில் தெரிவது வெறும் சேற்றுவெளி. அதைப் பார்த்துப் பாலைவனம் என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர். அந்தச் சேற்றில் ஒரு கைப்பிடியை எடுத்து நுணுக்கமான அரிதட்டில் கழுவி நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தால் கதை மாறிவிடும். நூலிழை போன்ற உருளைப்புழுக்கள், முடிகள் நிறைந்த வளையப்புழுக்கள், சுண்ணாம்பு ஓட்டுக்குள் வாழும் ஒற்றைக்கல உயிர்கள், அரிசி மணியைவிடச் சிறிய இறால் இனத்தவை, மட்டிகள். மேலே கடல் அட்டைகள் மெல்ல ஊர்ந்து சேற்றை விழுங்கி, சாரத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துப் போகும். தொட்டால் ஒடியும் நீண்ட கைகளையுடைய நட்சத்திர மீன் வகைகள் சேற்றில் பாதி புதைந்து கிடக்கும். கல் அகப்படும் இடத்தில் கடற்பஞ்சும் குளிர்நீர் முருகையும் பற்றி வளரும். இவற்றுள் சில நூற்றாண்டுக் கணக்கில் உயிர்வாழ்பவை.

இவை எல்லாம் உண்பது எதை? மேற்பரப்பில் செத்த நுண்பாசி, விலங்குகளின் எச்சம், உடைந்த சளிப்படலம், ஆறுகள் கொண்டுவந்த தூசு ஆகிய யாவும் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு பஞ்சுத் துணுக்குகளாகி மெல்ல மெல்லக் கீழே இறங்குகின்றன. மேலிருந்து புறப்பட்டதில் பெரும்பங்கை வழியிலேயே மற்ற உயிர்கள் தின்றுவிடும். அடிக்கு வந்து சேர்வது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தை நம்பித்தான் அங்கே வாழ்க்கை. அதனால்தான் அங்கே எல்லாம் மெதுவாக நடக்கிறது. வளர்வது மெதுவாக, இனம் பெருகுவது மெதுவாக, சேறு சேர்வதும் மெதுவாக. கண்டச் சரிவுகளில் ஆயிரம் ஆண்டுக்கு 10 சென்றிமீற்றர் சேறு படிகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்துக்கு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு. அங்குள்ள உயிர்கள் பழகியிருப்பது அந்த வேகத்துக்கு.

இனித் துளைபொறி இறங்கட்டும்.

ஆழ்கடற் கிணற்றின் முதற்கட்டம் பெரும்பாலும் திறந்த வேலை. கப்பலுக்கும் கடலடிக்கும் இடையே இன்னும் குழாய்த் தொடுப்பு இராது. ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த விட்டத்தில் சில பத்து மீற்றர், அதற்குக் கீழே 26 அங்குல விட்டத்தில் சில நூறு மீற்றர் என்று துளைப்பார்கள். உடைந்த கல்லையும் களியையும் கடல்நீராலும் களிக்குழம்பாலும் வெளியே தள்ளுவார்கள். நாவுல முற்றத்தில் நடந்தது போலவே அது துளைவாயில் கொப்பளித்துச் சுற்றிலும் விழும். குழாயைச் சுற்றி இறுக்கும் சீமெந்தின் மிச்சமும் அங்கேயே வழியும்.

எவ்வளவு விழும் என்று நாமே கணக்குப் போடலாம். 36 அங்குலத் துளை 80 மீற்றரும், 26 அங்குலத் துளை 600 மீற்றரும் போனதாக வைப்போம். இது ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு, குறிப்பிட்ட கிணற்றின் அளவு இல்லை. வெட்டியெடுத்த பாறையின் கனவளவு ஏறத்தாழ 250 கன மீற்றர் வரும். சில பத்து லொறிச் சுமை. பெரிதாகத் தோன்றாது. நெதர்லாந்து, நோர்வே ஆய்வாளர்கள் கடலடி உயிர்களின் தாங்குசக்தியைத் தொகுத்துப் பார்த்து ஓர் எல்லையைச் சொன்னார்கள். திடீரென 6.5 மில்லிமீற்றர் தடிப்பில் மூடினாலே உயிரினங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பாதிக்கப்படத் தொடங்கும். நம் 250 கன மீற்றரை 6.5 மில்லிமீற்றர் தடிப்பில் பரப்பினால் ஒன்பது ஏக்கருக்கு மேல் மூடும். துளையை நடுவாக வைத்தால் 110 மீற்றர் ஆரையுள்ள வட்டம். உண்மையில் சேறு இப்படிச் சமமாகப் பரவாது. துளைவாயருகே மேடாகக் குவியும், ஓரத்தில் தூசாக மெலியும், நீரோட்டம் போகும் திசையில் வால் நீளும். ஆனாலும் உலகின் பல ஆழ்கடற் கிணறுகளைச் சுற்றிக் கமரா கண்ட சேறும் இந்த அளவில்தான் இருக்கிறது.

இயற்கை அந்த 6.5 மில்லிமீற்றரைப் போட எவ்வளவு காலம் எடுக்கும்? மேலே சொன்ன தாராளக் கணக்கின்படி 65 ஆண்டுகள். துளைபொறி அதைச் சில நாட்களில் போட்டுவிடுகிறது.

இரண்டாம் கட்டத்தில் கிணற்று வாயில் வெடிப்புத் தடுப்பு வால்வுத் தொகுதியைப் பொருத்தி, அங்கிருந்து கப்பல் வரை பெருங்குழாய் போடுவார்கள். இப்போது துளைக்குழம்பு சுற்றிச் சுற்றி வரும். மேலே வந்த கல்துணுக்கை அதிர்சல்லடையில் பிரித்து, குழம்பை மறுபடி உள்ளே விடுவார்கள். பிரித்த துணுக்கு, சட்டம் அனுமதித்தால், கப்பலருகே கடலில் விழும். ஒரு வினாடிக்கு ஒரு சென்றிமீற்றர் இறங்கும் துணுக்குக்கு 1,354 மீற்றரைக் கடக்க ஒன்றரை நாள் வேண்டும். அதற்குள் நீரோட்டம் அதை எங்கெங்கோ இழுத்துப்போகும். எனவே இந்தச் சேறு மெல்லிதாக, ஆனால் தொலைதூரம் விழுகிறது.

துளைக்குழம்பு என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப்பின் பெரும்பகுதி அதில் இருக்கிறது. நிலத்தின் உள்ளழுத்தத்தைத் தாங்கக் குழம்பு கனமாக இருக்க வேண்டும். அதற்காக பேரைற்று என்ற கனிமத்தை, அதாவது பேரியம் சல்பேற்றை, அரைத்துக் கலக்கிறார்கள். பெரிய நஞ்சில்லை, நீரில் கரையவும் கரையாது. ஆனால் சில பேரைற்றில் பாதரசமும் கட்மியமும் சிறிதளவு கலந்திருக்கும். அதனால்தான் அமெரிக்கா கிலோவுக்கு இத்தனை மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று எல்லை வைத்திருக்கிறது. பேரியத்தால் ஆய்வாளருக்கு ஒரு நன்மையும் உண்டு. கடற்சேற்றில் அது வழக்கத்துக்கு மீறி இருந்தால் துளைக்கழிவு அதுவரை வந்திருக்கிறது என்று தெரியும். நெற்றியில் பூசிய விபூதியைப் பார்த்து ஆள் எந்தக் கோயிலுக்குப் போய்வந்தார் என்று ஊகிப்பது போல.

குழம்பின் அடிநீர்மம் தண்ணீராக இருந்தால் பாதிப்பு பெரும்பாலும் மூடப்படுவதால் வருவது. எண்ணெயாக இருந்தால் கதை கடுமையானது. வட கடலில் 1970களிலும் 80களிலும் டீசல் கலந்த குழம்போடு கழிவைக் கொட்டினார்கள். மேடைகளின் கீழே அது குன்றுகளாகக் குவிந்தது. நோர்வேயின் எண்ணெய் வயல்களில் வருடக்கணக்காக எடுத்த சேற்று மாதிரிகளை ஒல்ஸ்கார்ட், கிரே என்ற இருவர் 1995இல் அலசினார்கள். கொட்டிய இடத்திலிருந்து இரண்டு முதல் ஆறு கிலோமீற்றர் தூரம் வரை உயிரினக் கூட்டம் மாறியிருந்தது. அவர்களின் கண்டறிதல் வெளியாகும் முன்பே விதிகள் இறுகத் தொடங்கியிருந்தன. 2000ஆம் ஆண்டில் வடகிழக்கு அத்திலாந்திக் நாடுகளின் ஒஸ்பார் அமைப்பு, நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்க் குழம்பு ஒட்டிய கழிவைக் கடலில் கொட்டுவதைத் தடுத்தது.

எண்ணெயோ அதற்குப் பதிலாகச் செய்த செயற்கை நீர்மமோ சேற்றில் கலந்தால் அடுத்து நடப்பதை வயல் செய்தவர்கள் மூக்காலேயே அறிவார்கள். வயலில் பசுந்தழையை மிதித்து நீர் கட்டிவிட்டு நாலு நாள் கழித்துக் காலை வைத்தால் கரிய களி, அழுகிய முட்டை வாடை. தழையைச் சிதைக்கும் பற்றீரியா அங்கிருந்த ஒட்சிசனை முடித்துவிட்டது, அவ்வளவுதான். கடலடிச் சேற்றிலும் அதே வேலை நடக்கிறது. ஒட்சிசன் இறங்கும் ஆழம் சுருங்குகிறது, வளை தோண்டி வாழ்ந்தவை மூச்சுமுட்டி மேலே வருகின்றன அல்லது சாகின்றன. அந்த வெற்றிடத்துக்கு ஒட்சிசன் குறைந்தாலும் பிழைக்கும் சில வளையப்புழுக்கள் கூட்டமாக வந்து சேரும். தலைகளை மட்டும் எண்ணினால் முன்னைவிட அதிகம் இருக்கும்! உயிர்கள் பெருகிவிட்டன என்று அதைக் காட்டி அறிக்கை எழுதினால் அது உண்மையை மறைப்பதாகும். நூறு வகை இருந்த இடத்தில் பத்து வகை மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய எண்.

சேறு அகல எவ்வளவு காலம்? ஸ்கொட்லாந்துக்கு வடக்கே பாரோ-ஷெட்லாந்துக் கால்வாயில் லகன் என்ற இடத்தில், ஏறத்தாழ 600 மீற்றர் ஆழத்தில், ஓர் ஆய்வுத் துளையைச் சவுதாம்ப்டன் கடலியல் மையத்தார் விடாமல் பின்தொடர்ந்தார்கள். எண்ணெய் நிறுவனங்களின் கமரா ரோபோக்களையே கேட்டு வாங்கிப் படமெடுத்தார்கள். மூன்று வருடத்தில் ஓரங்கள் தேறத் தொடங்கியிருந்தன. பத்து வருடத்துக்குப் பிறகும் கிணற்றருகே வாழ்க்கை பழையபடி ஆகவில்லை. அங்கே நீரோட்டம் வலுவானது, சேற்றை அள்ளிக்கொண்டு போகும். அமைதியான ஆழங்களில் இதைவிட மெதுவாகவே நடக்கும். பெரு நாட்டுக்கு அப்பால் 4,000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் 1989இல் சோதனைக்காகக் கலப்பை போன்ற கருவியை இழுத்தார்கள். 2015இல் போய்ப் பார்த்தபோது உழுத சால் அப்படியே இருந்தது. இருபத்தாறு வருடம்! நம் வயலில் ஒரு போகம் கழிந்தால் சால் மறைந்துவிடும்.

இதுவரை சொன்னது எல்லாம் ஒழுங்காக நடக்கும் துளைப்பின் பாதிப்பு. ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோ வளைகுடாவே போதும். 2010 ஏப்ரல் 20இல் டீப்வோட்டர் ஹொரைசன் மேடை வெடித்துப் பதினொரு பேர் மாண்டார்கள். மக்கொண்டோ கிணறு 87 நாட்கள் கட்டுக்கடங்காமல் கக்கியது. அதுவும் ஓர் ஆய்வுக் கிணறுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே கடலாழம் ஏறத்தாழ 1,500 மீற்றர், நம் பராகுடாவின் ஆழம். கிணற்றைச் சுற்றி 24 சதுர கிலோமீற்றரில் சேற்று உயிர்கள் கடுமையாகவும், அதற்கு வெளியே 148 சதுர கிலோமீற்றரில் மிதமாகவும் பாதிக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் வரைபடம் வரைந்தார்கள். 11 கிலோமீற்றர் தள்ளி இருந்த ஒரு முருகைக் காட்டில் கிளைகளைப் பழுப்பு நிறப் பஞ்சு மூடியிருந்தது. மேற்பரப்பில் எண்ணெய்ப் படலத்தைக் கலைக்கும் மருந்து தெளித்தார்கள், கரைகளைக் கழுவினார்கள். அந்த முருகைக்குச் செய்ய யாராலும் எதுவும் முடியவில்லை. வருடாவருடம் போய்ப் படம் மட்டும் எடுத்தார்கள். ஏழு வருடங்களுக்குப் பிறகும் கிளைகள் ஒடிந்து விழுந்துகொண்டிருந்தன. மக்கொண்டோவை முற்றாக மூடியது 2010 செப்டெம்பரில். மன்னாரில் சிக்கியூ துளைக்கத் தொடங்கியது அடுத்த ஓகஸ்டில்.

மன்னாரில் அப்படி எதுவும் நடக்கவில்லை. இன்னொரு நல்ல விடயமும் உண்டு. சிக்கியூ நங்கூரம் போடாமல் உந்துவிசைகளாலேயே நிலைநிற்கும் கப்பல். பழைய துளைமேடைகளின் நங்கூரச் சங்கிலிகள் கிழிக்கும் நீண்ட காயங்கள் அந்தச் சேற்றில் இரா. நியாயமாகப் பேசினால் மன்னாரின் ஆழங்குறைந்த கடலடிக்கு இழுவைமடி செய்த கேடு, இந்த நான்கு துளைகள் செய்யக்கூடியதைவிடப் பல மடங்கு பெரிது. ஒரு படகு ஒரு நாளில் இழுக்கும் பரப்பு நம் ஒன்பது ஏக்கரை எங்கோ விட்டுவிடும். 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடைசெய்தது. வடக்கின் கடற்றொழிலாளர் அதற்காக எத்தனை வருடம் போராடினார்கள் என்பது தெரிந்ததே. ஆனால் இழுவைமடி எட்டாத ஆழத்தில் துளைபொறிதான் முதலில் போய் இறங்குகிறது. அதுவரை யாரும் தொடாத தரையை அது தொடுகிறது. அதனால் துளையொன்றின் பரப்பு சிறிது என்ற சமாதானம் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. எரிவாயு கிடைத்த இடத்தில் துளை ஒன்றோடு நிற்காது. அளவிடும் கிணறுகள், உற்பத்திக் கிணறுகள், குழாய்ப் பாதை என்று வட்டங்கள் ஒன்றையொன்று தொடும். கற்பிட்டிக்கு மேற்கே திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்கள் காணும் எண்ணெய்த் திமிங்கிலம் இதே ஆழங்களுக்கு மூழ்கிக் கணவாய் பிடித்துத்தான் வாழ்கிறது.

விதி எப்படி இருக்க வேண்டும் என்பதில் குழப்பம் அதிகம் இல்லை. ஆழ்கடல் எண்ணெய்த் தொழில் பற்றி 2016இல் பல நாட்டு உயிரியலாளர் சேர்ந்து எழுதிய மீளாய்வு, முருகை போன்ற உணர்திறன் மிக்க உயிர்க் கூட்டங்களிலிருந்து கழிவு கொட்டும் இடம் குறைந்தது இரண்டு கிலோமீற்றர் தள்ளியிருக்க வேண்டும் என்றது. அப்படித் தள்ளி வைக்க அந்தக் கூட்டம் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். எனவே துளைப்பதற்கு முன் கமராவும் சேற்று மாதிரியும். துளைத்த பின் அதே புள்ளிகளில் மறுபடி கமராவும் மாதிரியும். ஒரு தடவை போதாது, மூன்று, பத்து, இருபது வருடத்தில்.

1902இல் முத்துச் சிப்பி ஏன் காணாமற் போகிறது என்று அறியவே வில்லியம் ஹேர்ட்மனையும் ஜேம்ஸ் ஹோர்னெலையும் இந்தக் கடலுக்கு அனுப்பினார்கள். அவர்கள் பார் பாராகச் சுழியோடிகளை இறக்கி, மண்ணையும் சிப்பியையும் எடுத்துப் பார்த்து, ஐந்து பெருந்தொகுதிகள் அச்சிட்டார்கள். முத்துக்காக அந்த அளவு பார்த்த கடலை எரிவாயுவுக்காகவும் பார்க்கலாம். டொராடோவின் வாய் இருக்கும் இடம் மீற்றர் சுத்தமாகத் தெரியும். 2011இல் அங்கே சேறு விழுந்த நாள்கூடப் பதிவில் இருக்கும். ஆறிய காயத்தைப் படிக்க இதைவிட நல்ல இடம் இந்து சமுத்திரத்தில் அரிது.

போகிறவர்கள் செய்ய வேண்டியது எளிய வேலைதான், ஆனால் பொறுமை வேண்டும். கிணற்று வாயிலிருந்து நீரோட்டத் திசையில் 50 மீற்றர், 100, 250, 500, இரண்டு கிலோமீற்றர் என்று ஒவ்வோரிடத்திலும் ஒரு குழாயைச் சேற்றில் அழுத்தி நிமிர்த்தி எடுக்க வேண்டும். மேற்சென்றிமீற்றரைத் தனியாக அரிந்து அதன் பாதியில் பேரியத்தை அளக்க வேண்டும். மறுபாதியை அரிதட்டில் கழுவி, நிறமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழே ஒவ்வொரு புழுவாக ஊசியால் எடுத்து வகை பிரிக்க வேண்டும். பழகிய கைக்கும் ஒரு குழாய்ச் சேற்றுக்கு நாட்கள் பிடிக்கும். முதலில் பார்க்க வேண்டியது 50 மீற்றரில் எடுத்த குழாய். அதன் மேற்பகுதியில் சாம்பல்நிறப் பட்டை ஒன்று இருந்தால் அது எத்தனை மில்லிமீற்றர், அதற்கு மேலே பழுப்பு நிறத்தில் புதிய சேறு படியத் தொடங்கியிருக்கிறதா, அந்தப் பழுப்பில் வளை ஏதும் உண்டா.